பிளேட்லெட் எண்ணிக்கையை யார் படிப்பது?

ஸ்ரீபெரும்புதூரிலும் ஒரகடத்திலும் தொழிற்சாலை வேலைக்குச் சேருகிறவர்களுக்கு 'மெடிக்கல்' என்ற சொல்லை விளக்க வேண்டியதில்லை. ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, கண் பார்வை. மாலைக்குள் 'ஃபிட்' அல்லது 'அன்ஃபிட்'. வளைகுடா விசா பரிசோதனையில் ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் வந்தால் பயணம் அதோடு முடிந்தது என்பது ஊரறிந்த செய்தி. அந்தப் பயம் இங்கும் தொற்றிக்கொண்டதால், பாசிட்டிவ் என்று தெரிந்த இளைஞர் அந்தத் தாளை மடித்துப் பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறார். வைரஸ் இருப்பது தெரிந்துவிட்டது, இதற்குமேல் பார்க்க என்ன இருக்கிறது என்று மருத்துவரும் பல நேரம் விட்டுவிடுகிறார். ஆனால் அந்தப் பாசிட்டிவுக்குப் பின்னால் இன்னொரு ஈரல் நோயும் இருக்கலாம்.

ஈரலுக்கு வரும் ரத்தத்தில் முக்கால் பங்கு, குடலிலிருந்தும் மண்ணீரலிலிருந்தும் போர்ட்டல் நாளம் வழியாக வருகிறது. ஹெபடைடிஸ் பி பல ஆண்டுகள் ஈரல் செல்களைத் தாக்கினால் தழும்பு விழுந்து ஈரல் சுருங்கும்; ரத்தம் உள்ளே போக முடியாமல் அழுத்தம் ஏறும். இன்னொரு நோயில் ஈரல் செல்கள் பெரும்பாலும் நன்றாகவே இருக்கின்றன. போர்ட்டல் நாளத்தின் மிக நுண்ணிய கிளைகள் மட்டும் குறுகி அடைபடுகின்றன. வெளியே தெரிகிற விளைவு இரண்டிலும் ஒன்றுதான்: மண்ணீரல் வீங்கும், பிளேட்லெட் குறையும், உணவுக்குழாயின் அடியில் நாளங்கள் புடைத்து ஒருநாள் வெடித்து ரத்த வாந்தி வரும். ஆனால் இந்த இரண்டாவது நோயில் பெரும்பாலும் காமாலை இருக்காது. ஈரல் பரிசோதனை எண்களும் சரியாகவே இருக்கும்.

இது நமக்கு அந்நியமான நோயல்ல. 1969-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் நடத்திய கூட்டத்தில்தான் இதற்கு 'சுருக்கமில்லாத போர்ட்டல் தழும்பு நோய்' என்ற பொருளில் பெயர் சூட்டப்பட்டது. காரணம் புலப்படாத போர்ட்டல் அழுத்தத்தோடு வந்தவர்களின் ஈரல் திசுவை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் எடுத்துப் பார்த்து, 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஏறத்தாழ பாதிப் பேரிடம் இருந்தது இந்த நோய்தான், ஈரல் சுருக்கம் இல்லை.

ஆனால் பழைய இலக்கணத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. ஹெபடைடிஸ் பி, மது போன்ற வேறு காரணம் எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் இந்தப் பெயர் கிடையாது. அதாவது, இரண்டு நோயும் உள்ள மனிதர் ஏட்டளவில் இருக்கவே முடியாது! ஹெபடைடிஸ் பி பரவலாக உள்ள ஒரு நாட்டில் இப்படியொரு நிபந்தனையோடு எத்தனை ஆண்டுகள் ஓட்டியிருக்கிறோம் என்பது வியப்புத்தான். உலக சுகாதார நிறுவனத்தின் 2024 அறிக்கைப்படி இந்தியாவில் ஏறத்தாழ 2.98 கோடிப் பேருக்கு இந்த வைரஸ் இருக்கிறது. 2019-இல் ஐரோப்பிய ஈரல் ரத்தக்குழாய் ஆய்வுக் குழுவினர் இலக்கணத்தைத் திருத்தினார்கள். வைரஸ் இருந்தாலும், ஈரல் திசுவில் சுருக்கம் இல்லாமல் ரத்தக்குழாய் மாற்றங்கள் தெரிந்தால் இந்த நோயும் உண்டு என்று எழுதலாம்.

இந்தத் திருத்தம் மருத்துவ இதழ்களோடு நின்றுவிடக் கூடாது, தொழிற்சாலை வாசலுக்கும் வர வேண்டும். ஏனென்றால் வயதுக் கணக்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தோடு அப்படியே பொருந்துகிறது. இந்தியாவில் இந்த ரத்தக்குழாய் நோய் பெரும்பாலும் 25 முதல் 35 வயதுக்குள் வெளிப்படுகிறது. லைனில் நிற்பவர்களின் வயதும் ஏறக்குறைய அதுதான். ஹெபடைடிஸ் பி தடுப்பூசி தமிழ்நாட்டின் இலவசத் திட்டத்துக்குள் பரவலாக வந்தது 2007-08 வாக்கில். நாடு முழுவதற்கும் 2011-இல். இன்று 25 வயதில் ஷிப்டுக்குப் போகும் தர்மபுரிப் பெண்ணுக்கோ, ஒடிசாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வந்து அறைக்கு ஆறு பேராகத் தங்கியிருக்கும் இளைஞர்களுக்கோ பிறந்தபோது அந்த ஊசி கிடைத்திருக்க வாய்ப்புக் குறைவு.

சட்டம் என்ன செய்கிறது? 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளை அறிவித்தபோது, 40 வயதைத் தாண்டிய தொழிலாளர்களுக்கு ஆண்டுக்கொரு இலவசப் பரிசோதனை என்று மத்திய அரசு பெருமையோடு சொன்னது. சர்க்கரைக்கும் இதயத்துக்கும் அந்த வயது பொருந்தலாம். நாம் பேசும் நோய்க்கு அது ஐந்து முதல் பதினைந்து ஆண்டு தாமதம்.

இப்படி ஒரு தாளை வைத்துப் பார்ப்போம். ஹெபடைடிஸ் பி: பாசிட்டிவ். ஹீமோகுளோபின் 12. ஈரல் நொதிகள் சரி. பிளேட்லெட் 88 ஆயிரம். முதல் வரியைப் பார்த்ததும் எல்லோரும் நின்றுவிடுகிறார்கள். கடைசி வரியை யாரும் படிப்பதில்லை. படித்தாலும் நம் ஊரில் பிளேட்லெட் குறைவு என்றால் டெங்குதான். பப்பாளி இலைச்சாறு, நிலவேம்புக் கஷாயம் என்று வீடே பரபரக்கும். டெங்குவில் குறைந்த பிளேட்லெட் ஓரிரு வாரங்களில் ஏறிவிடும். காய்ச்சலே இல்லாமல் ஆறு மாதம், ஒரு வருடம் அது ஒன்றரை லட்சத்துக்குக் கீழேயே கிடந்தால் மண்ணீரலைப் பார்க்க வேண்டும். அதற்கு ஒரு வயிற்று ஸ்கேன் போதும். மண்ணீரல் வீங்கியிருந்தால் எண்டோஸ்கோபி. ஃபைப்ரோஸ்கேனில் ஈரல் விறைப்பு 10 கிலோபாஸ்கலுக்குக் கீழே இருந்தும் நாளங்கள் புடைத்திருந்தால், எல்லாப் பழியையும் வைரஸ் மேல் போட முடியாது. ஈரல் திசுவை எடுத்துப் பார்ப்பது அப்போதுதான்.

பெயர் எதுவானால் என்ன, எல்லாம் ஈரல் நோய்தானே என்று கேட்கலாம். டெனோஃபோவிர் மாத்திரை வைரஸை அடக்கும். குறுகிப்போன நாளத்தைத் திறக்காது. வைரஸ் அளவு பூஜ்ஜியம் என்ற தாளோடு நிம்மதியாக இருப்பவருக்கு அடுத்த மாதம் ரத்த வாந்தி வரலாம். அதற்கு வேண்டியது பிரப்ரனலால், கார்வெடிலால் போன்ற மாத்திரைகளும், எண்டோஸ்கோபி வழியாக நாளத்துக்கு வளையம் போடுவதும். மறுபக்கம், ரத்தக்குழாய் நோய் மட்டுமே காரணமாக இருப்பவரிடம் 'ஈரல் சுருங்கிவிட்டது, மாற்று அறுவை சிகிச்சைக்குப் பணம் சேர்த்துக்கொள்ளுங்கள்' என்று சொன்னால் குடும்பம் நிலத்தை விற்றுவிடும். ரத்தக் கசிவைக் கட்டுப்படுத்தினால் அவர் பல்லாண்டு வேலை செய்து வாழலாம்.

பணமும் பெயரைப் பொறுத்தே வருகிறது. ஈ.எஸ்.ஐ.யில் நீண்டகால நோய்களுக்கு இரண்டு ஆண்டுவரை நீட்டிக்கப்பட்ட நோய்ப்படி உண்டு. அதற்கான 34 நோய்களின் பட்டியலில் வயிற்றில் நீர் கோத்த ஈரல் சுருக்கமும் நாள்பட்ட ஹெபடைடிஸும் இருக்கின்றன. இந்த ரத்தக்குழாய் நோய் பெயர் சொல்லி இல்லை. இதில் நீர் கோப்பதைவிட ரத்த வாந்திதான் முதலில் வரும் என்பதைப் பட்டியல் போட்டவர்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அது ஹெபடைடிஸ் பி-க்குப் பலன் தருவதாகச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு 1988-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்ட ஆய்வு உலகைத் திரும்பிப் பார்க்க வைத்தது. வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பெற்ற பரூக் பிளம்பெர்க்கும் அதில் ஓர் ஆசிரியர். பின்னர் வேறு நாடுகளில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. கீழாநெல்லியை நம்பி இரண்டு வருடம் ஸ்கேன் எடுக்காமல் இருப்பது ஆபத்து.

தொழிற்சாலை மருத்துவர் நினைத்தால் என்ன நடக்கும் என்பதற்குப் பழைய உதாரணம் ஒன்று உண்டு. 1974-இல் அமெரிக்காவின் லூயிவில் நகரில் பி.வி.சி. ஆலை ஒன்றின் மருத்துவர் ஜான் கிரீச், அதே ஆலையில் வேலை செய்த மூவருக்கு மிக அரிதான ஈரல் ரத்தக்குழாய்ப் புற்றுநோய் வந்திருப்பதைக் கவனித்தார். வினைல் குளோரைடு வாயு பிடிபட்டது. அதே வாயு, ஈரல் சுருக்கம் இல்லாமலேயே போர்ட்டல் அழுத்தத்தையும் உண்டாக்கும் என்பதும் தெரியவந்தது. பின்னாளில் தைவான் ஆய்வாளர்கள், இந்த வாயுவோடு ஹெபடைடிஸ் பி-யும் சேர்ந்தால் ஈரல் புற்றுநோய் ஆபத்து பன்மடங்காவதைக் கண்டார்கள். நம் தடத்தில் காரும் கைப்பேசியும் செய்கிறார்கள், வினைல் குளோரைடு அல்ல. அந்தப் பயம் வேண்டாம். கிரீச் செய்ததெல்லாம் தாள்களை அருகருகே வைத்துப் படித்ததுதான்.

இதையெல்லாம் சொல்வது, பாசிட்டிவ் வந்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பக் காரணம் தேடுகிறவர்களுக்குக் கைகொடுப்பதற்காக அல்ல. 2021 டிசம்பரில் இந்தத் தடத்தில் தொழிலாளர் விடுதி உணவு நஞ்சாகிப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தது நினைவிருக்கும். ஆனால் அப்படிக் கெட்ட உணவிலும் தண்ணீரிலும் பரவுவது ஹெபடைடிஸ் ஏ, ஈ மட்டும்தான். பி வைரஸ் கேன்டீன் தட்டிலோ கழிவறையிலோ பரவாது. ரத்தம், உடலுறவு, பிரசவம் வழியாகத்தான். எச்.ஐ.வி. உள்ளவர்களை வேலையில் பாகுபடுத்துவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. ஹெபடைடிஸ் பி-க்கு அப்படியொரு சட்டம் இல்லை. பாசிட்டிவ் என்றால் வேலை போகும் என்றிருக்கும்வரை யாரும் இரண்டாவது பரிசோதனைக்கு வர மாட்டார்கள்.

தமிழ்நாடு அரசு 2024-இல் தொழிலாளரைத் தேடி மருத்துவம் திட்டத்தைத் தொடங்கி, பணியிடத்திலேயே ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. அதோடு பிளேட்லெட் எண்ணிக்கையையும் சேர்க்கலாம். தொடர்ந்து குறைவாக இருப்பவருக்கு வயது வரம்பு பாராமல் ஒரு வயிற்று ஸ்கேன், தேவையானால் சென்னை ஸ்டான்லிக்கோ அரசுப் பொது மருத்துவமனைக்கோ ஒரு பரிந்துரைச் சீட்டு. முடிவு மனிதவளப் பிரிவின் மேசைக்குப் போகக் கூடாது. வைரஸுக்கான மாத்திரைகள் 2018-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் ஏற்கெனவே இலவசம். உங்கள் பழைய மெடிக்கல் தாள் கையில் இருந்தால், இன்றைக்கே எடுத்து பிளேட்லெட் வரியைப் பாருங்கள்.