தெளிந்த நீரில் தெரியாதது

குட்மேய்ஸில் எங்கள் வீட்டுக் கழிவுநீர் போய்ச் சேருமிடம் பெக்டன். றோடிங் ஆறு தேம்ஸில் கலக்கும் இடத்தருகே இருக்கும் அந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஐரோப்பாவின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. 2025 பெப்ரவரியில் தேம்ஸ் கழிவுநீர்ச் சுரங்கம் முழுமையாக இணைக்கப்பட்டபோது, மழைநாட்களில் மலம் ஆற்றுக்குள் பாய்வது இனிக் குறையும் என்று பலரும் மகிழ்ந்தார்கள். நானும்தான். ஆனால், சுத்திகரித்து வெளியே விடும் நீரில் என்ன இருக்கிறது என்ற கேள்வியை நான் எங்கும் அதிகம் கேட்கவில்லை.

கேள்வி பழையது. 1998இல் சூசன் ஜோப்ளிங், ஜோன் சம்ப்ட்டர் முதலானோர் பிரித்தானிய ஆறுகளில் ரோச் என்னும் மீனை ஆராய்ந்தார்கள். சுத்திகரிப்பு நிலையங்களுக்குக் கீழே வாழ்ந்த ஆண் மீன்களின் விதைகளில் முட்டைக் கலங்கள் வளர்ந்திருந்தன. சில இடங்களில் பிடிபட்ட ஆண் மீன்கள் அனைத்துமே அப்படி. முக்கிய காரணிகள், மனித உடலிலிருந்து வெளியேறும் ஈஸ்ட்ரோஜன்களும் கருத்தடைக் குளிசையிலுள்ள எதினைல் ஈஸ்ட்ரடையோலும்.

இதில் பக்டீரியாக்கள் செய்யும் வேலை விசித்திரமானது. நமது ஈரல் இந்த ஓமோன்களோடு ஒரு சர்க்கரை அமிலத்தைப் பிணைத்து, வலுவிழக்கச் செய்தே வெளியேற்றுகிறது. கழிவுக் குழாயில் ஈ.கோலை அந்தப் பிணைப்பை அவிழ்த்து ஓமோனுக்கு மறுபடி உயிர் கொடுத்துவிடுகிறது! பிறகு காற்றூட்டிய தொட்டியில் வேறு பக்டீரியாக்கள் அதைத் தின்கின்றன. ஈஸ்ட்ரடையோல் விரைவில் ஈஸ்ட்ரோனாக மாறும். ஈஸ்ட்ரோன் மெதுவாகவே சிதையும். குளிசை ஓமோனோ, ஈரலில் எளிதில் சிதையாதிருக்கவென்றே மாற்றியமைக்கப்பட்டது. தொட்டியிலும் அது இலேசில் மசிவதில்லை. பக்டீரியாக்கள் நிறைந்த கசடைத் தொட்டியில் கூடுதல் நாட்கள் தங்கவைத்தால், மெதுவாக வளரும் இனங்களும் பெருகி நிலைமை மேம்படும். அதற்குப் பெரிய தொட்டிகளும் மின்சாரமும் வேண்டும். எஞ்சியதை நீக்க ஓசோனோ கரியோ தேவை.

எஞ்சுவது அற்பம் என்று ஒதுக்கமுடியாது. கனடாவின் ஏரியொன்றில் 2001 முதல் மூன்று கோடைகள், லீற்றருக்கு 5, 6 நனோகிராம் அளவில் குளிசை ஓமோனைக் கலந்தபோது அங்கிருந்த ஒரு சிறுமீனினம் அழிவின் விளிம்புக்குப் போனது. ஒரு நனோகிராம் என்பது கிராமின் நூறு கோடியில் ஒரு பங்கு. இங்குள்ள ஆறுகளில் பொதுவாக அதைவிடக் குறைவுதான். ஆனாலும் ரோச் மீன்கள் மாறின.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2024ஆம் ஆண்டுச் சட்டம், பெரிய நிலையங்களில் இந்த நான்காம் கட்டச் சுத்திகரிப்பை 2045க்குள் கட்டாயமாக்குகிறது. செலவில் குறைந்தது 80 வீதம் மருந்து, அழகுசாதன உற்பத்தியாளர்களுடையது. மருந்துக் கம்பனிகள் 2025இல் நீதிமன்றம் போயின. பிரித்தானியா இச்சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. இங்கே செலவு தண்ணீர்க் கட்டணத்தில்தான் வந்து விழும் என்று நினைக்கிறேன். அப்போது குளிசை எடுக்கும் பெண்கள்மீது பழிபோடும் குரலும் எழும். ஆற்றைச் சேரும் ஈஸ்ட்ரோனோ ஆண், பெண் எல்லோரிடமிருந்தும் போவது, என்னுடையது உட்பட.