கறுப்பு எண்ணெய்: போத்தலின் பின்பக்கத்தையும் படிப்போம்

மலாயில் ‘மின்யாக் ஹித்தாம்’. நம் வீடுகளில் ‘கறுப்பு எண்ணெய்’. இன்ஜின் எண்ணெய்க்கு நாம் வைத்திருக்கும் பெயர் இது. ஆனால் புதுப் போத்தலைத் திறந்து ஊற்றிப் பாருங்கள், தேன் நிறத்தில் இருக்கும். இன்ஜினுக்குள் ஓடி, கரியையும் அழுக்கையும் தன்னோடு சுமக்கத் தொடங்கிய பிறகே அது கறுக்கிறது. அழுக்கு இன்ஜின் சுவரில் ஒட்டாமல் பிடித்து வைப்பதற்காகவே சில வேதிப்பொருள்களை அதில் கலக்கிறார்கள். எனவே கறுத்த எண்ணெயைக் கண்டதும் கெட்டுப்போனது என்று சொல்லிவிட முடியாது. அது தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

பெயரையும் நிறத்தையும் வைத்துப் பொருளை எடைபோடக் கூடாது என்பதற்கு இது சிறிய உதாரணம். பெரிய உதாரணம் போத்தலின் முன்பக்கத்தில் கொட்டை எழுத்தில் இருக்கிறது: ‘ஃபுல்லி சிந்தெடிக்’.

ஜெலுத்தோங்கில் நாங்கள் நான்கு மாணவர்கள் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்திருக்கிறோம். வாசலில் ஒரு பழைய மைவி, ஒரு சாகா, இரண்டு மோட்டார் சைக்கிள்கள். சர்வீஸ் மாதம் வந்தால் போதும், வீட்டில் பட்டிமன்றம் தொடங்கிவிடும். மினரலா, செமி சிந்தெடிக்கா, ஃபுல்லி சிந்தெடிக்கா? மினரலைவிட ஃபுல்லி சிந்தெடிக் விலை பெரும்பாலும் இரண்டு மடங்கு இருக்கும். பி.டி.பி.டி.என். கடனை வைத்து மாதத்தை ஓட்டுபவருக்கு அந்த வித்தியாசம் பல நாள் சாப்பாட்டுக் காசு. என் அப்பா டெலிவரி வேன் ஓட்டுகிறார். அவருக்கு இது இன்னும் பெரிய கேள்வி. இன்ஜின் படுத்துவிட்டால் அன்றைய வருமானமும் படுத்துவிடும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் பலர் ஓட்டும் சாதாரண வண்டிக்கு ‘மினரலா, சிந்தெடிக்கா’ என்பது கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி. வண்டிக்கு ஏற்ற தரக் குறியீடு இருக்கிறதா, பாகுத்தன்மை சரியா, நேரத்துக்கு மாற்றுகிறோமா, அளவு குறையாமல் இருக்கிறதா என்ற நான்கு கேள்விகளும் அதற்கு முன்னால் வர வேண்டும்.

முதலில் அந்தச் சொல்லையே கொஞ்சம் பார்ப்போம். மினரல் எண்ணெய் என்பது கச்சா எண்ணெயைக் காய்ச்சி வடித்துச் சுத்திகரித்து எடுப்பது. சிந்தெடிக் என்றால் முழுக்க முழுக்க வேதியியல் முறையில் உருவாக்கியது என்றே பலர் நினைக்கிறார்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமான ஏ.பி.ஐ., அடிப்படை எண்ணெய்களை ஐந்து பிரிவுகளாக வகுத்திருக்கிறது. முதல் மூன்றும் பொதுவாகக் கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து வருபவை. நான்காவது, பி.ஏ.ஓ. எனப்படும் செயற்கை எண்ணெய். எஸ்டர் போன்ற மற்றவை ஐந்தாவது பிரிவில் அடங்கும்.

மூன்றாம் பிரிவு எண்ணெயை உயர் அழுத்தத்தில் ஹைட்ரஜனைச் செலுத்திக் கடுமையாகச் சுத்திகரிக்கிறார்கள். அதை ‘சிந்தெடிக்’ என்று விற்கலாமா என்று 1990களின் இறுதியில் அமெரிக்காவில் மோபில், காஸ்ட்ரோல் நிறுவனங்களுக்கிடையே வழக்கு எழுந்தது. விளம்பரப் புகார்களை விசாரிக்கும் அமைப்பு 1999-இல் காஸ்ட்ரோல் பக்கம் முடிவு சொன்னது. அதன்பின் பல நாடுகளில் மூன்றாம் பிரிவு எண்ணெயும் ‘ஃபுல்லி சிந்தெடிக்’ ஆனது. அது தரம் குறைந்தது என்று நான் சொல்லவில்லை. நல்ல எண்ணெய்தான், நம் மலாக்காவிலேயே பெட்ரோனாஸ் அதைத் தயாரிக்கிறது. ஆனால் ஒரே சொல்லுக்குள் வெவ்வேறு பொருள்கள் இருக்கின்றன என்பதைக் காசு கொடுப்பவர் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, இன்ஜின் ஏன் தேய்கிறது? ஓடும் இன்ஜினில் பேரிங்கும் தண்டும் நேரடியாகத் தொட்டுக்கொள்வதில்லை. நடுவில் மெல்லிய எண்ணெய்ப் படலம் ஓடுகிறது. வண்டி இரவெல்லாம் நின்றால் எண்ணெயில் பெரும்பகுதி கீழே வடிந்துவிடும். காலையில் சாவியைத் திருப்பும்போது, பம்பு எண்ணெயை மேலே ஏற்றும்வரை சில நொடிகள் உலோகத்தோடு உலோகம் உரசும் வாய்ப்பு அதிகம். கேம்ஷாஃப்ட் போன்ற இடங்களில் ஓடும்போதுகூட அழுத்தம் மிகுதியாக இருப்பதால் படலம் மிக மெலிந்துவிடும். அங்கே இன்ஜினைக் காப்பது துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு சேர்க்கைப் பொருள். அது உலோகத்தின் மேல் தியாகப் பூச்சு போலப் படிந்து, தான் தேய்ந்து உலோகத்தைக் காக்கிறது. இந்தப் பொருள் மினரல் எண்ணெயிலும் உண்டு, சிந்தெடிக்கிலும் உண்டு.

போத்தலின் பின்பக்கத்தில் உள்ள ஏ.பி.ஐ. குறியீடு அதனால்தான் முக்கியமாகிறது. பெட்ரோல் இன்ஜினுக்கு எஸ்.என். தரம் 2010-இலும், எஸ்.பி. தரம் 2020-இலும் வந்தன. அந்தத் தரத்துக்கு உரிமம் கேட்கும் எண்ணெய், தேய்மானச் சோதனை உட்படப் பல இன்ஜின் சோதனைகளைத் தாண்ட வேண்டும். அடிப்படை எண்ணெய் எந்தப் பிரிவைச் சேர்ந்ததாக இருந்தாலும் தேர்வு ஒன்றுதான். எஸ்.பி.எம். வினாத்தாள் நகரப் பள்ளிக்கும் தோட்டப் பள்ளிக்கும் ஒன்றாக இருப்பதைப் போல.

சாலையில் பார்த்த சான்றும் இருக்கிறது. அமெரிக்காவின் ‘கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்’ இதழ் நியூயார்க் நகரில் 75 டாக்சிகளின் இன்ஜின்களைப் புதுப்பித்து, வெவ்வேறு எண்ணெய்களை ஊற்றி, ஒவ்வொன்றையும் 60,000 மைல், அதாவது ஏறத்தாழ 96,000 கிலோமீட்டர் ஓடவிட்டது. பிறகு இன்ஜின்களைப் பிரித்துத் தேய்மானத்தை அளந்தது. 1996-இல் வெளியான முடிவில், மினரலுக்கும் சிந்தெடிக்குக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. டாக்சி நாள் முழுக்கச் சூட்டிலேயே ஓடும், குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்வது குறைவு என்பதையும் நாம் கணக்கில் எடுக்க வேண்டும்.

மறுபக்கச் சான்றையும் மறைக்கக் கூடாது. அமெரிக்க வாகனமோட்டிகள் சங்கம் 2017-இல் நடத்திய ஆய்வகச் சோதனைகளில் சிந்தெடிக் எண்ணெய் சராசரியாக 47 விழுக்காடு சிறப்பாகச் செயல்பட்டது. சூட்டில் ஆவியாகாமல் இருப்பது, காற்றோடு கலந்து கெடாமல் இருப்பது, குளிரில் எளிதாக ஓடுவது போன்ற பண்புகளை அதில் சோதித்தார்கள். இரண்டு முடிவுகளும் ஒன்றையொன்று மறுப்பதில்லை. சிந்தெடிக் கடுமையான நிலைமைகளை நீண்ட நேரம் தாங்கும். சாதாரண நிலைமையில், நேரத்துக்கு மாற்றினால், அந்தக் கூடுதல் வலுவுக்கு வேலை குறைவு.

பினாங்கின் நிலைமை சாதாரணமா, கடுமையா? குளிரைப் பொறுத்தவரை நமக்குக் கவலையே இல்லை. 5 டபிள்யூ-40, 15 டபிள்யூ-40 என்று எழுதியிருப்பதில் ‘டபிள்யூ’ என்பது குளிர்காலத்தைக் குறிக்கும். அந்த முதல் எண்ணுக்கான குளிர்ச் சோதனை 5-க்கு மைனஸ் 30 டிகிரியிலும், 15-க்கு மைனஸ் 20 டிகிரியிலும் நடக்கிறது. ஜார்ஜ்டவுனில் விடியற்காலையிலேயே 24, 25 டிகிரி இருக்கும். உறைபனி நாட்டில் சிந்தெடிக் காட்டும் பெரிய பலன் நமக்கு அவ்வளவாகக் கிடைக்காது.

ஆனால் நம் ஓட்டம் வேறு வகையில் கடுமையானது. மாலையில் துன் டாக்டர் லிம் சோங் இயூ விரைவுச்சாலையில் கார்கள் ஊர்வதைப் பார்த்திருப்பீர்கள். மீட்டரில் கிலோமீட்டர் ஏறாது, இன்ஜின் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும். இன்னொரு பக்கம், வீட்டிலிருந்து கல்லூரிக்கு மூன்று கிலோமீட்டர், அங்கிருந்து சாப்பாட்டுக் கடைக்கு ஒரு கிலோமீட்டர் என்று குறுகிய பயணங்கள். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் நீராவியாக உருவாகிறது. பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். கொஞ்சம் பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்க்குள் இறங்கும். இன்ஜின் நன்றாகச் சூடாகி ஓடினால் அதுவும் ஆவியாகிவிடும். சூடாவதற்குள் வண்டியை நிறுத்திவிட்டால் நீரும் எரியாத பெட்ரோலும் எண்ணெயிலேயே தங்கும். எந்த எண்ணெயாக இருந்தாலும் இந்தக் கலப்பு அதைக் கெடுக்கும். பினாங்கில் எண்ணெயை நேரத்துக்கு மாற்றுவதே முதல் காவல் என்று நான் சொல்வது இதனால்தான்.

‘சிந்தெடிக் ஒரு காப்புறுதி மாதிரி, போட்டுவிட்டால் நிம்மதி’ என்று என் வீட்டு நண்பர் ஒருவர் வாதாடுகிறார். காப்புறுதி வாங்கியவர் வேகமாக ஓட்டத் தொடங்கினால் என்ன ஆகும்? விலை அதிகமான எண்ணெயை ஊற்றிவிட்டு, ‘அதான் சிந்தெடிக் ஆச்சே’ என்று மாற்றும் நாளைத் தள்ளிப்போடுகிறோம். பழைய இன்ஜின் எண்ணெயைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கும். அளவுக் குச்சியை எடுத்துப் பார்க்காவிட்டால், விலை உயர்ந்த எண்ணெயும் கீழ்க்கோட்டுக்குக் கீழே போய்விடும். இல்லாத எண்ணெய் எந்த இன்ஜினையும் காப்பாற்றாது.

அதற்காக எல்லாரும் மினரலுக்கு மாறுங்கள் என்று நான் சொல்லவில்லை. ப்ரொடுவா அத்திவா போன்ற டர்போ வண்டிகளில் சூடும் அழுத்தமும் அதிகம். கையேடு 0 டபிள்யூ-20 கேட்டால், அவ்வளவு இளகிய எண்ணெயைச் சாதாரண மினரலில் செய்ய இயலாது. அங்கே சிந்தெடிக் கட்டாயம், காசைப் பார்க்கக் கூடாது. கியர் மோட்டார் சைக்கிளுக்கு வேறொரு எச்சரிக்கை. பெரும்பாலானவற்றில் கிளட்சும் அதே எண்ணெயில்தான் நனைகிறது. ‘ஜாசோ எம்.ஏ.’ குறியீடு உள்ளதை ஊற்ற வேண்டும். கார் எண்ணெயில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள் கிளட்ச்சை வழுக்க வைக்கலாம். எவ்வளவு விலை உயர்ந்த சிந்தெடிக்காக இருந்தாலும் இதுதான் விதி.

போலி எண்ணெயையும் மறந்துவிடக் கூடாது. பெயர் பெற்ற பிராண்டுகளின் போத்தலில் போலி நிரப்பி விற்றவர்களை நம் நாட்டில் அதிகாரிகள் பலமுறை பிடித்திருக்கிறார்கள். பொய்யான விவரம் போட்டு விற்பது 2011ஆம் ஆண்டு வாணிப விவரிப்புச் சட்டப்படி குற்றம். சந்தை விலைக்கு மிகக் கீழே கிடைக்கும் ‘ஃபுல்லி சிந்தெடிக்’கைவிட, நம்பிக்கையான கடையில் ரசீதோடு வாங்கும் மினரல் மேல். முத்திரை உடையாத போத்தலை நம் கண்முன்னே திறக்கச் சொல்வதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை, நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார். ஏமாற்றப்பட்டால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தில் புகார் கொடுக்கலாம். பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில், வழக்கறிஞர் இல்லாமலேயே, 50,000 ரிங்கிட் வரை கோரலாம்.

இதில் மாணவர்களாகிய நமக்கு ஒரு தனிப் பொறுப்பு இருக்கிறது. வண்டியோடு வரும் கையேடு மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். லாரியும் வேனும் ஓட்டிக் குடும்பத்தைத் தாங்கும் நம் அப்பாக்களில் பலர் அதைத் திறந்தே பார்த்திருக்க மாட்டார்கள். பட்டறையில் சொல்வதே அவர்களுக்கு வேதம். தமிழிலும் மலாயிலும் படித்த நமக்கு அந்தப் பக்கங்கள் அந்நியமல்ல. இந்த வார இறுதியில் கையேட்டில் எண்ணெய்ப் பக்கத்தைத் தேடுங்கள். எந்தப் பாகுத்தன்மை, எந்தக் குறியீடு, எத்தனை கிலோமீட்டர் அல்லது எத்தனை மாதம், நெரிசலில் ஓடும் வண்டிக்கு எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதை ஒரு தாளில் தமிழில் எழுதி அப்பாவின் வண்டியில் ஒட்டிவையுங்கள். அடுத்த முறை போத்தல் வாங்கும்போது அந்தத் தாளோடு பின்பக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்தபின் காசை எடுக்கட்டும்.