மாமா தத்தெடுத்தும் பையனை கூட்டிட்டுப் போக முடியலையா? வெளிநாட்டு தத்தெடுப்பில் எங்கே சிக்குகிறது?

பத்திரம் போட்டாச்சு. சார்பதிவாளர் அலுவலகத்தில் கையெழுத்தும் முடிஞ்சாச்சு. ஆனால் குழந்தை மட்டும் இன்னும் பாட்டி வீட்டிலேயே இருக்கிறது. சொந்தக்காரக் குழந்தையை தத்தெடுத்து வெளிநாட்டுக்கு அழைத்துச் செல்ல நினைக்கும் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஏன் இப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஒரு குடும்பத்தை நினைத்துக்கொள்வோம்

திருப்பூர் மாவட்டம் மடத்துக்குளம் தாலுகாவில், அமராவதி ஆற்றை ஒட்டி இருக்கிறது கொமரலிங்கம். அங்கே ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். பனியன் கம்பெனி வேலைக்குப் போன கணவர் இறந்துவிட்டார். 4 வயது மகனோடு மனைவி அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார். அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்ட அண்ணனுக்கு குழந்தை இல்லை. "கண்ணு, பையனை நாங்க வளர்த்திக்கிறோம், நீ கவலைப்படாதே" என்கிறார் அண்ணன்.

ஊர் வழக்கப்படி அடுத்து என்ன நடக்கும்? நாலு பெரியவர்கள் முன்னிலையில் சடங்கு. பிறகு தத்துப் பத்திரம். 1956-ம் ஆண்டு இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டப்படி இது செல்லும். அப்பா இல்லாத நிலையில் அம்மா மட்டுமே தத்துக் கொடுக்கலாம். அதிலும் தவறில்லை.

அப்புறம் எங்கே சிக்கல்?

அந்தச் சட்டம் இந்தியாவுக்குள் செல்லும். விமானம் ஏற அது போதாது.

குழந்தையை நாட்டை விட்டு அழைத்துச் செல்ல, மத்திய தத்தெடுப்பு வள ஆணையமான 'காரா' தரும் தடையில்லாச் சான்று வேண்டும். எல்லாரும் சொல்வது போல 'என்ஓசி'. காரணம், நாடுகளுக்கு இடையிலான தத்தெடுப்புக்கான 1993 ஹேக் ஒப்பந்தம். இந்தியா இதை 2003-ல் ஏற்றுக்கொண்டது. குழந்தையை அனுப்பும் நாடும், ஏற்கும் நாடும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும் என்பதுதான் இதன் அடிப்படை. இங்கே 'முன்கூட்டியே' என்ற சொல் முக்கியம்.

அமெரிக்காவில் முதலில் மாமா, அத்தை இருவரின் வீட்டுச் சூழல், வருமானம், குற்றப் பின்னணி எல்லாம் பார்த்து ஒப்புதல் தருவார்கள். அதன் பிறகுதான் தத்தெடுக்க வேண்டும். தத்தை முடித்துவிட்டு பத்திரத்தோடு போய் நின்றால், விசா அவ்வளவு எளிதில் கிடைக்காது. குழந்தையோடு 2 ஆண்டு சேர்ந்து வாழ்ந்ததாகக் காட்டும் வழி ஒன்று உண்டு. அமெரிக்காவில் வேலையில் இருப்பவர் 2 வருடம் கொமரலிங்கத்தில் வந்து உட்கார முடியுமா?

சரி, பத்திரத்தை ரத்து செய்துவிடலாமே என்றால், அதுவும் முடியாது. முறையாக நடந்த தத்தை ரத்து செய்ய அந்த 1956 சட்டமே அனுமதிப்பதில்லை. ஆக, இந்தியச் சட்டப்படி அந்தப் பையனின் அப்பா அம்மா அமெரிக்காவில் இருக்கிறார்கள். அமெரிக்க குடியேற்றத் துறை பார்வையிலோ அவன் இன்னும் அவர்கள் மகன் இல்லை. பெற்றவள் பக்கத்திலேயே இருக்கிறாள். ஆனால் ஸ்கூல் ஃபார்மில் 'தாய்' என்று கையெழுத்துப் போடும் சட்ட உரிமை அவளிடம் இல்லை. தாமதம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். அந்த வீட்டில் அதற்கு அர்த்தம் இதுதான்.

இதற்கு வழி பிறந்தது 2021-ல். இந்து தத்தெடுப்புச் சட்டப்படி நடக்கும் வெளிநாட்டு தத்தெடுப்புகளுக்கும் காரா என்ஓசி தரும் வகையில் விதிகள் திருத்தப்பட்டன. மாவட்ட ஆட்சியர் மட்டத்தில் சரிபார்ப்பும் உண்டு. ஆனாலும் ஏற்கும் நாட்டின் சம்மதம் இல்லாமல் இங்கே பேப்பர் நகராது.

அப்போ சரியான வழி என்ன?

சிறார் நீதிச் சட்டம் 2015-ன் பிரிவு 60, வெளிநாட்டில் இருக்கும் உறவினர் தத்தெடுப்பதற்கென்றே இருக்கிறது. ஆனால் இந்தச் சட்டம் சொல்லும் 'உறவினர்' நம்ம ஊர் கணக்கில் வரமாட்டார். பெரியப்பா, சித்தப்பா, அத்தை, மாமா, பெரியம்மா, சித்தி, இரு பக்க தாத்தா பாட்டி. அவ்வளவுதான். ஒன்றுவிட்ட அண்ணன், பங்காளி, சம்பந்தி வீட்டார் எல்லாம் இதில் வரமாட்டார்கள். நம்ம உதாரணத்தில் தாய்மாமன் என்பதால் தப்பித்தார்.

அங்கே அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்சி மூலம் வீட்டு ஆய்வு அறிக்கை. இங்கே மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகு தயாரிக்கும் குடும்பப் பின்னணி அறிக்கை. பிறகு ஆட்சியரின் தத்தெடுப்பு ஆணை, காரா என்ஓசி, பாஸ்போர்ட், விசா. முன்பு கோர்ட் தந்த ஆணையை 2022 செப்டம்பர் 1 முதல் ஆட்சியர்களே தருகிறார்கள். 2 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டத்திலேயே இருக்கிறது. பட்டா மனு, திங்கட்கிழமை குறைதீர் கூட்டம், தேர்தல் வேலை என எல்லாவற்றுக்கும் நடுவில்தான் இந்த ஃபைலும் போக வேண்டும் என்பது வேறு விஷயம்.

இதற்கிடையில் அமெரிக்கத் தரப்பு தரும் முதல் ஒப்புதலுக்கு ஆயுள் 15 மாதம்தான். ஒரு பேப்பர் வருவதற்குள் இன்னொன்று காலாவதி ஆகும். திரும்பக் கட்டணம், திரும்பக் கைரேகை.

இவ்வளவு கெடுபிடி தேவையா?

தமிழ்நாட்டில் இருந்துகொண்டு இந்தக் கேள்விக்கு 'தேவையில்லை' என்று சொல்வது கஷ்டம். சென்னையின் குடிசைப் பகுதிகளில் 1990-களின் கடைசியில் காணாமல் போன குழந்தைகள் சிலர், 'மலேசியன் சோஷியல் சர்வீசஸ்' என்ற இல்லம் வழியாக பொய் ஆவணங்களுடன் வெளிநாடுகளுக்கு தத்து அனுப்பப்பட்டதாக 2005-ல் வெளிச்சத்துக்கு வந்தது. பெற்றவர்கள் தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தபோது, குழந்தைகள் நெதர்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் வேறு பெயரில் வளர்ந்தார்கள். அங்கே தத்தெடுத்தவர்களுக்கும் உண்மை தெரியாது. கையெழுத்தை யாரும் சரிபார்க்காததன் விலை அது.

ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. 'இந்த அம்மா மனசார சம்மதித்தாரா?' என்று கேட்கும் ஒரு மாத விசாரணை குழந்தைக்குப் பாதுகாப்பு. அதே சான்றிதழை மூன்றாவது முறை கேட்டு ஆறு மாதம் இழுப்பதில் எந்தக் குழந்தைக்கும் பாதுகாப்பு இல்லை.

எண்ணிக்கை என்ன சொல்கிறது?

2024-25-ல் காரா மூலம் நடந்த தத்தெடுப்புகள் 4,515. இதில் 4,155 உள்நாட்டிலேயே. வெளிநாட்டுக்கு மீதி 360 மட்டும்தான். சட்டப்படி தத்துக்குத் தயாரான குழந்தைக்கு இந்தியப் பெற்றோரோ, வெளிநாடு வாழ் இந்தியரோ 60 நாளில் கிடைக்காவிட்டால்தான் வெளிநாட்டினர் பக்கம் போகும். உலக அளவிலும் கதவு சாத்தப்பட்டு வருகிறது. வெளிநாட்டினருக்கு குழந்தைகளைத் தத்துக் கொடுப்பதை 2024-ல் சீனா நிறுத்திவிட்டது. உறவினர்களுக்கு மட்டும் விதிவிலக்கு. நெதர்லாந்தும் படிப்படியாக நிறுத்த முடிவெடுத்துள்ளது.

அங்கிருந்து இங்கே தத்தெடுக்கலாமா?

அது இன்னும் கஷ்டம். அமெரிக்காவில் பிறந்த உறவினர் குழந்தையை தத்தெடுக்க விரும்பிய இந்தியத் தம்பதியின் மனுவை, 2025 ஜூலையில் பாம்பே உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. அமெரிக்கக் குடியுரிமை உள்ள குழந்தையை தத்தெடுப்பது இந்தியரின் அடிப்படை உரிமை ஆகாது என்றது கோர்ட். முதலில் அமெரிக்கச் சட்டப்படி தத்தெடுப்பை முடித்தாக வேண்டும்.

முதலில் என்ன செய்யணும்?

டிக்கெட் போடாதீங்க. பத்திரமும் போடாதீங்க. வெளிநாட்டில் இருப்பவர் தன் நாட்டு விதியை முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். மலேசியா போல ஹேக் ஒப்பந்தத்தில் சேராத நாடு என்றால் நடைமுறையே மாறும். கொமரலிங்கம் பக்கம் இருப்பவர்கள் இந்தப் பக்கத்து விவரங்களுக்கு திருப்பூரில் உள்ள மாவட்ட குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம். பையன் விமானம் ஏறிய பிறகும் ஃபைல் மூடப்படாது. 2 ஆண்டுகளுக்கு, அவன் எப்படி இருக்கிறான் என்ற அறிக்கை அங்கிருந்து வந்துகொண்டே இருக்க வேண்டும். முதல் வருடம் 3 மாதத்துக்கு ஒன்று, அடுத்த வருடம் 6 மாதத்துக்கு ஒன்று.