மாமனின் ஓர் ஏக்கரும் எண்ணெய்க் குழாயும்



சென்ற மாதம் மூணாற்றுக்குச் சென்றிருந்தேன். இரயில்வேக்காரன் பேருந்தில் ஏறித்தான் அவ்வூருக்குச் செல்லவேண்டியிருக்கிறது. 1908 முதல் குண்டளைப் பள்ளத்தாக்கில் சிறு இரயில் ஓடியதும், 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துச் சென்றதும் அங்குள்ள முதியோர் இன்றும் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. அது நிற்க.

என் தாய்மாமன் தேயிலைத் தோட்டத்தில் முப்பத்திரண்டு ஆண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். இப்பொழுது மகனுடன் லயத்தில் வசிக்கிறார். 2020 ஆகஸ்டு 6ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து எழுபது உயிர்கள் மாண்டது முதல், மழைக்காலத்தில் அவருக்கு உறக்கம் இல்லை. ஆகவே, பணிக்கொடையாகக் கிடைத்த தொகை முழுவதையும் போட்டு, ஈரோடு ஜில்லாவில் அத்தையின் பிறந்த ஊரில் ஓர் ஏக்கர் தென்னந்தோப்பு வாங்கினார். அதன் ஓரத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டு கண்மூடவேண்டும் என்பது அவர் ஆசை.

அந்தத் தோப்பின் நடுவே இப்பொழுது அடையாளக் கல் நிற்கிறது. எரிபொருட் குழாய் ஒன்று அவ்வழியே வருகிறதாம். அறிவிப்பு கெஜட்டில் வெளியாகியிருக்கிறது. மாமனோ மலைமேல் இருந்தார். செய்தி அவர் செவிக்கு எட்டியபோது இரண்டு மாதம் கழிந்துவிட்டது.

"மருமகனே, நீ சர்க்கார் குமாஸ்தா ஆயிற்றே, இதைப் படித்துச் சொல்" என்று காகிதத்தை நீட்டினார். நான் பத்தாம் வகுப்புத் தேறியவன். பார்சல் ரசீதுகளோடு காலம் கழிப்பவன். எனினும் அகராதியைத் துணைக்கு வைத்துக்கொண்டு மூன்று இரவுகள் படித்தேன். தெரிந்துகொண்டதை உங்களுக்கும் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன். நம்மில் பலருக்கு ஊரில் அரை ஏக்கராவது உண்டல்லவா?

இவ்வகைக் குழாய்களுக்கு 1962ஆம் ஆண்டில் ஒரு தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி நிலம் நம்முடையதாகவே இருக்கும்; நிலத்தடியைப் பயன்படுத்தும் உரிமை மட்டும் குழாய்க்காரருக்குப் போகும். கேட்பதற்கு இது இலேசாகத் தோன்றும். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டலாகாது, கிணறு வெட்டலாகாது, மரம் நடலாகாது. சேதத்திற்குரிய ஈட்டோடு, நிலத்தின் சந்தை மதிப்பில் நூற்றுக்குப் பத்துப் பங்கு தருவர். ஆட்சேபம் தெரிவிக்க வேண்டுமாயின் அறிவிப்பிலிருந்து 21 நாட்களுக்குள் தெரிவிக்கவேண்டும். மாமன் கோட்டைவிட்டது இந்த 21 நாட்களைத்தான்.

"இத்தனை பெரிய காரியத்திற்குச் சுற்றுச்சூழல் ஆய்வு, சமூக ஆய்வு எல்லாம் நடந்திருக்குமே" என்று நண்பர் ஒருவர் சொன்னார். நானும் அவ்வாறே எண்ணியிருந்தேன். 2013ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டம் சமூகத் தாக்க ஆய்வைக் கட்டாயமாக்கியது மெய். நிலமில்லாத விவசாயக் கூலிகளையும் குத்தகைதாரர்களையும் பாதிக்கப்பட்டோராகக் கணக்கில் சேர்த்ததும் மெய். ஆனால் அந்த ஆய்விலிருந்து விலக்குப் பெற்ற சட்டங்களின் பட்டியலில் மேற்படி 1962ஆம் ஆண்டுச் சட்டமும் இருக்கிறது! 2006 செப்டம்பர் 14ஆம் தேதியிட்ட சுற்றுச்சூழல் அறிவிக்கையோ, தேசியப் பூங்கா, சரணாலயம், பவளப்பாறை போன்ற இடங்களின் ஊடே செல்லும் குழாய்களைத்தான் முன்னனுமதிக்கு உட்படுத்தியது. யானைக்கும் பவளத்திற்கும் கேட்கப்பட்ட கேள்வி தென்னைக்குக் கேட்கப்படவில்லை.

கொங்கு நாட்டு விவசாயிகள் இதனை அனுபவத்தில் கண்டவர்கள். கொச்சியிலிருந்து பெங்களூருக்குக் கெயில் நிறுவனம் போடவிருந்த எரிவாயுக் குழாய், கோயமுத்தூர் முதல் கிருஷ்ணகிரி வரை ஏழு ஜில்லாக்களில் சுமார் 310 கிலோமீட்டர் வயல்வழியே செல்வதாக இருந்தது. நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோகும்படி 2013இல் தமிழக அரசு உத்தரவிட்டது. 2016 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட்டு தமிழக அரசின் முறையீட்டைத் தள்ளிவிட்டது. அவர்களுடைய அச்சம் வீண் அச்சமன்று. 2014 ஜூன் 27ஆம் நாள் ஆந்திரத்தில் நகரம் என்னும் சிற்றூரில் எரிவாயுக் குழாய் வெடித்து இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

எரிவாயுவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நம் அடுப்பும் அதில்தான் எரிகிறது. வளைந்த மலைப்பாதையில் டேங்கர் லாரிகள் வரிசையாகப் போவதைப் பார்க்கும்போது குழாயே மேல் என்றுகூடத் தோன்றும். எவ்வழியே போவது என்பதை நிலத்துக்காரனிடமும் ஒரு வார்த்தை கேட்கலாகாதா என்பதே என் ஆதங்கம்.

கிணறு தோண்டி எண்ணெய் தேடும் திட்டங்களின் நிலை வேறு. நெடுவாசலிலும் கதிராமங்கலத்திலும் 2017இல் மக்கள் திரண்டதை அறிவீர்கள். 2020 ஜனவரி 16ஆம் தேதி மத்திய அரசு அறிவிக்கையைத் திருத்தி, எண்ணெய் எரிவாயுத் தேடலுக்கு மக்கள் கருத்துக் கேட்பு தேவையில்லை என்றாக்கியது; எண்ணெய் எடுத்து உற்பத்தி செய்வதற்கு அந்த விலக்குத் தரப்படவில்லை. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம், காவிரிப் பாசனப் பகுதியைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலமாக்கிப் புதிய எண்ணெய்த் திட்டங்களுக்குத் தடை விதித்தது.

2006 அறிவிக்கை வகுத்த கருத்துக் கேட்பு முறையில் நாம் கவனிக்கவேண்டியவை சில உள. கூட்டத்திற்கு முப்பது நாள் முன்னதாகப் பத்திரிகையில் விளம்பரம் வரவேண்டும். ஆய்வறிக்கையின் சுருக்கம் அவ்வட்டார மொழியில் கலெக்டர் அலுவலகம் முதலிய இடங்களில் வைக்கப்படவேண்டும். கூட்டத்திற்கு இத்தனை பேர் வரவேண்டும் என்ற கணக்கு இல்லை. நால்வர் வந்தாலும் நடத்தி முடித்துவிடலாம். ஆனால் நேரில் வர இயலாதவர் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுத்து மூலம் கருத்தை அனுப்பலாம். வெளியூரில் பிழைக்கும் நம்மவர்க்கு இதனினும் பெரிய வசதி வேறில்லை. ஊரில் நிலம் உள்ளவர்கள் சர்வே எண்களை ஒரு தாளில் எழுதி நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் அவ்வப்போது விசாரிக்கச் சொல்லுங்கள். பட்டா இன்னும் பாட்டனார் பெயரில் இருப்பின் உடனே மாற்றிக்கொள்ளுங்கள். நோட்டீஸ் செத்தவர் பெயருக்கு வந்து திரும்பிப் போகக்கூடும்.

மாமனுக்காக நஷ்ட ஈட்டு மனு ஒன்று எழுதியிருக்கிறேன். காய்க்கும் மரங்கள் எத்தனை, எவை எத்தனை வயதின என்று எண்ணிக் குறிக்க அவர் அடுத்த வாரம் மலையிறங்குகிறார். நானும் ஒருநாள் விடுப்பெடுத்து உடன் செல்கிறேன். இதுபோன்ற அறிவிப்பு ஏதேனும் உங்கள் கைக்கு வந்திருந்தால் அதன் நகலைச் சங்க அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள். இரண்டாம் ஞாயிறு மாலை வந்து படித்துச் சொல்கிறேன்.