ஆவணப்படங்களும் பார்ப்போர் கடனும்

எங்கள் அத்தா திரையரங்கின் பக்கம் தலைவைத்தும் படுக்காதவர். திரைப்படம் பார்ப்பது பொழுதைப் பாழாக்குவது என்பது அவர்தம் உறுதியான கருத்து. ஆயினும், தூர்தர்ஷனில் காட்டு விலங்குகளைப் பற்றியோ, தொலைநாட்டு மக்களின் வாழ்க்கையைப் பற்றியோ ஒரு படம் ஒளிபரப்பானால், பாடப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லி எங்களை அருகில் அமர்த்திக் கொள்வார். "அது கட்டிய கதை, இது நடந்த செய்தி" என்பது அவர் வகுத்த எல்லைக்கோடு. எங்கள் ஊரில் பல இல்லங்களில் அந்நாளில் இக்கோடு இருந்தது.

இன்று உலகின் எந்த மூலையில் எடுக்கப்பட்ட ஆவணப்படமும் இணையத்தின் வழியே நம் மாணவர்தம் கைப்பேசிக்குள் வந்து சேர்கின்றது. படம் நம்மைத் தேடி வந்துவிட்டது. அதனை நாம் எவ்வாறு எதிர்கொள்வது என்பதே எண்ணிப் பார்க்க வேண்டியதாகும்.

அன்றும் இன்றும்

நம் நாட்டில் 1948இல் தோற்றுவிக்கப்பட்ட பிலிம்ஸ் டிவிஷன் என்னும் அரசு நிறுவனமே நெடுங்காலம் செய்திப்படங்களை வழங்கி வந்தது. திரையரங்குகளில் கதைப்படம் தொடங்கும் முன்னர் அவை காட்டப்பெற்றன. அரசின் துணையோ பெருநிறுவனத்தின் பொருளோ இன்றித் தம் மனச்சான்றின்படி படமெடுத்தவர்களுக்குத் திரையரங்கும் இல்லை, தொலைக்காட்சியும் இல்லை. ஆனந்த் பட்வர்தன் அயோத்திச் சிக்கலைப் பற்றி எடுத்த 'ராம் கே நாம்' என்னும் படம் தேசிய விருது பெற்றது. அப்படங்கூட நீதிமன்றத்தை நாடிய பின்னரே தூர்தர்ஷனில் இடம்பெற முடிந்தது. இன்று அது யூடியூபில் கிடைக்கின்றது.

கனடா நாட்டின் தேசியத் திரைப்பட வாரியம் தன் கருவூலத்திலுள்ள படங்களை 2009 முதல் இணையத்தில் கட்டணமின்றிக் காண வழிசெய்தது. தமிழகத்தில் மலக்குழிகளிலும் கழிவறைகளிலும் மனிதர் கையால் கழிவகற்றும் கொடுமையைத் திவ்யபாரதி 'கக்கூஸ்' என்னும் படமாக்கினார். 2017இல் அதனைத் திரையிடுவதற்குத் தடைகள் எழுந்தபோது, யூடியூபின் வழியே அது மக்களைச் சென்றடைந்தது. வாயில்காப்போர் பலர் விலகிவிட்டனர். இனி எஞ்சியிருக்கும் வாயில்காப்போர் நாமே.

நடந்ததும் காட்டியதும்

அத்தா வகுத்த கோட்டை நான் மதிக்கின்றேன். எனினும், 'நடந்த செய்தி' என்று காட்டப்படுவதெல்லாம் நடந்தபடியே காட்டப்படுகின்றதா என்னும் வினாவையும் அதனுடன் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

ராபர்ட் ஃபிளாஹர்ட்டி 1922இல் வெளியிட்ட 'நானூக் ஆஃப் த நார்த்' என்னும் படம் ஆவணப்பட வரலாற்றின் முதற்கற்களுள் ஒன்று. வடகனடாவின் பனிநிலத்தில் வாழும் இனூயிட் மக்களைக் காட்டுவது அப்படம். அதன் தலைவராக வருபவரின் உண்மைப் பெயர் நானூக் அன்று, அல்லகரியல்லாக் என்பதாகும். பனிக்கட்டி வீட்டினுள்ளே படமெடுக்க வெளிச்சம் போதாமையால், ஒரு பக்கம் திறந்த வீடு கட்டப்பட்டது. அம்மக்கள் துப்பாக்கியைப் பயன்படுத்தத் தொடங்கிவிட்ட காலத்திலும், பழைய முறையில் எறியீட்டியால் வேட்டையாடுவதாகவே படம் காட்டிற்று.

இதனால் அப்படம் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. பனியும் பசியும் உண்மை. அம்மனிதரின் முகத்தில் தோன்றும் நகையும் உண்மை. ஆனால், ஆவணப்படம் என்பது ஒருவர் அளிக்கும் சாட்சியம். சாட்சியத்தைக் கேட்போர் சாட்சி யார், எங்கு நின்று பார்த்தார், எவற்றைச் சொல்லாது விட்டார் என்று வினவுதல் முறை. இப்பழக்கம் இல்லாதவன் நூறு படம் பார்த்தாலும் நூறுமுறை ஏமாறக்கூடும்.

தேனில் பாதி

இவ்வாறு வினவிப் பார்த்த பின்னரும் நெஞ்சை விட்டு அகலாத படங்கள் உள. அவற்றுள் ஒன்று 2019இல் வெளிவந்த 'ஹனிலேண்ட்'. தமாரா கோதெவ்ஸ்கா, லூபோமிர் ஸ்தெஃபனோவ் ஆகிய இருவர் மூன்றாண்டுக் காலம் வடமாசிடோனியாவின் மலைப்புறத்தில் தங்கித் தங்கி எடுத்த படம் இது. மின்சாரம் இல்லாத, மக்கள் விட்டு நீங்கிய சிற்றூரில், துருக்கி மொழி பேசும் ஹாதிஜே என்னும் பெண்மணி, படுக்கையில் கிடக்கும் தம் முதிய தாயைப் பேணி வாழ்கின்றார். பாறை இடுக்குகளில் வாழும் தேனீக்களிடமிருந்து அவர் தேனெடுக்கும் முறைக்கு ஒரே விதிதான்: பாதி எனக்கு, பாதி உங்களுக்கு. இதனை அவர் தேனீக்களிடமே சொல்லுகின்றார்.

அண்டையில் ஒரு குடும்பம் மாடுகளோடும் பிள்ளைகளோடும் வந்து குடியேறுகின்றது. தேனீ வளர்க்கும் கலையை ஹாதிஜே மறைக்காமல் கற்றுத் தருகின்றார். ஆனால், வணிகர் ஒருவர் மேலும் மேலும் தேன் கேட்கின்றார். பிள்ளைகள் பலரைப் பெற்ற தந்தைக்கோ பணமுடை. பாதி விடவேண்டும் என்ற விதி முறிகின்றது. பசித்த தேனீக்கள் ஹாதிஜேயின் கூடுகளைத் தாக்கி அழிக்கின்றன. அண்டை வீட்டாரைக் கொடியவராகப் படம் காட்டவில்லை. வறுமை அவரைத் தள்ளுவதையும் காட்டுகின்றது. பொருளியல் நூல்கள் பல பக்கங்களில் விளக்கும் பேராசையின் இயக்கத்தை ஒரு தேன்கூடு விளக்கிவிடுகின்றது.

மற்றொன்று, ஷௌனக் சென் 2022இல் அளித்த 'ஆல் தட் பிரீத்ஸ்'. தில்லியில் மாஞ்சா நூலால் சிறகறுந்து விழும் பருந்துகளுக்கு மருத்துவம் செய்யும் நதீம், சவுத் என்னும் உடன்பிறந்தார் இருவரின் வாழ்க்கை அது. பருந்து ஊன் உண்ணும் பறவை என்பதால் பறவை மருத்துவமனை ஒன்று அதனை ஏற்க மறுத்தது. அம்மறுப்பிலிருந்தே இவர்களின் தொண்டு தொடங்கிற்று. சோப்பு நீர் வழங்கும் கருவிகளைச் செய்து விற்கும் வீட்டின் அடித்தளமே மருத்துவமனை. பருந்துக்கு உணவளித்தல் ஸவாபு என்று சிறுவயதில் கேட்டு வளர்ந்தவர்கள் அவர்கள். வெளியே நகரம் கலவரத்தால் கலங்கி நிற்க, உள்ளே ஒருவர் பறவையின் சிறகைத் தைத்துக்கொண்டிருக்கின்றார். மேடைப்பேச்சு ஒன்றும் இன்றியே மனிதநேயம் இன்னதென்பதை இப்படம் உணர்த்துகின்றது.

பெரியவர் எழுப்பிய வினா

'ஹனிலேண்ட்' படத்தை மாணவர் சிலருடனும் ஊர்ப்பெரியவர் சிலருடனும் அமர்ந்து பார்த்தேன். முடிந்ததும் நெடுநேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் ஒரு பெரியவர், "தம்பி, படம் எடுத்தவர்களுக்குப் பேர் கிடைத்தது. அந்தப் பெண்பிள்ளைக்கு என்ன கிடைத்தது?" என்று கேட்டார். எனக்கு அப்போது விடை தெரியவில்லை. பின்னர்த் தேடிப் படித்தபோது, படக்குழுவினர் அவருக்கு அண்டை ஊரில் ஒரு வீடு வாங்கிக் கொடுத்ததை அறிந்து பெரியவரிடம் கூறினேன். "அப்படியானால் சரி" என்றார்.

திரைப்படக் கல்வி பெறாத அப்பெரியவரின் வினா இக்கலையின் ஆணிவேரைத் தொடும் வினாவாகும். பம்பாயின் குடிசைவாசிகளைப் பற்றிப் பட்வர்தன் 1985இல் எடுத்த 'பம்பாய் நமது நகரம்' என்னும் படத்தில், குடிசைப்பெண் ஒருவர், எங்களைப் படம்பிடிப்பதால் எங்களுக்கு என்ன பயன் என்னும் பொருள்படச் சினந்து கேட்கின்றார். இயக்குநர் அக்காட்சியை வெட்டி எறியாமல் படத்திலேயே வைத்தார். தம்மைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தும் சொல்லையும் மறைக்காதவரின் சாட்சியத்தை நாம் நம்பலாம்.

எனினும், வினா இயக்குநருடன் நின்றுவிடவில்லை. எடுத்தவர் வீடு கொடுத்தார். பார்த்த நாம் கொடுத்தது யாது? பிறர் துயரைப் பார்த்துக் கண்ணீர் சிந்திவிட்டு, அடுத்த நொடியே விரலால் தள்ளி வேறொரு வேடிக்கைக்குப் போவதாயின், அது பார்வை ஆகாது. தில்லிப் பருந்துக்கு இரங்கும் மாணவன், தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2017இல் தடைசெய்த மாஞ்சா நூலைத் தன் தம்பி கையில் கண்டால் தடுக்க வேண்டும். 'கக்கூஸ்' பார்த்தவர், தம் வீட்டுக் கழிவுத்தொட்டியில் மனிதனை இறக்க ஒருபோதும் இசையலாகாது. இதுவே பார்ப்போர் கடன்.

நாம் செய்யத்தக்கவை

இணையத்தில் குப்பையும் மிகுதி, தேவையற்ற காட்சிகளும் மிகுதி எனப் பெற்றோர் அஞ்சுவது நியாயமே. அதற்கு மருந்து, மாணவரைத் தனியே விடாமல் உடனிருந்து பார்த்தலே ஆகும். கல்லூரிகளில் திங்களுக்கு ஒரு படம், உரியவரிடம் முறைப்படி அனுமதி பெற்றுத் திரையிடலாம். ஒருவர் வீட்டுக்குச் செலுத்தும் கட்டணம் அவைக்குக் காட்டும் உரிமை ஆகாது என்பதையும் மாணவர் அறிதல் நன்று. படத்துக்குப்பின் ஒருமணி நேரக் கலந்துரையாடல் இன்றியமையாதது.

தமிழ்த்துறைக்கென்று தனிக்கடமை ஒன்றுண்டு. இப்படங்கள் பெரும்பாலும் ஆங்கிலத் துணையெழுத்துகளுடனேயே கிடைக்கின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரி வரும் மாணவி, ஓரிரு நொடிகளில் மறையும் ஆங்கில வரியைப் படிப்பாளா, முகத்தைப் பார்ப்பாளா? ஹாதிஜே பேசிய துருக்கி வழக்கு அப்படத்தை எடுத்தவர்களுக்கே புரியாதிருந்தது. பின்னர் மொழிபெயர்த்தே அறிந்தனர். அவர்கள் உழைத்த உழைப்பில் ஒரு பங்கு நாம் உழைக்கலாகாதா? நீண்ட பேச்சை இரண்டு வரிக்குள் பொருள் சிதையாமல் தமிழாக்குதல் எளிதன்று. சொற்செட்டைக் கற்பிக்கும் சிறந்த பயிற்சி அது. முதுகலை மாணவரின் திட்டக்கட்டுரைக்கு இதனை ஏற்றால், எடுத்தவர் இசைவுடன் ஆண்டுக்கு இரண்டு மூன்று படங்களேனும் தமிழ்பேசும்.

நம் மாணவர் தாமும் படமெடுக்க முன்வரலாம். பாய் நெய்யும் மூதாட்டியும் படகு கட்டும் தச்சரும் நம் ஊர்களிலேயே உள்ளனர். ஆனால், இசைவு பெற்ற பின்னரே கருவியைத் தூக்குக. எடுத்ததை அவர்க்கே முதலிற் காட்டுக. அந்தப் பெரியவரின் வினாவுக்கு விடை வைத்திருப்பவரே படமெடுக்கத் தகுதியுடையவர்.

அத்தா இன்றில்லை. இருந்திருந்தால், அந்தப் பருந்துகளின் படத்தை அவருடன் அமர்ந்து பார்த்திருப்பேன். பாடப் புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லியிருப்பார் என்றே நம்புகின்றேன்.