பேனலுக்கு முன்னால் ஆளைப் பாருங்கள்

மாடு வாங்கப் போகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். போர்வெல் வண்டி கூப்பிடுகிறவர் அடிக்கு என்ன விலை, கேசிங் பைப் யார் செலவு என்பதை முதலிலேயே பேசி முடிக்கிறார். இவ்வளவு விவரமான நம் விவசாயி, வீட்டு மாடியில் சோலார் போடும்போது மட்டும் போனில் முதலில் பேசியவரிடமே முன்பணத்தைக் கொடுத்துவிடுகிறார். 'மானியம் உண்டு' என்ற சொல் மற்ற கேள்விகளை எல்லாம் அடக்கிவிடுகிறது.

மானியம் உண்மைதான். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டத்தில் 1 கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், 2 கிலோவாட்டுக்கு 60,000, 3 கிலோவாட்டும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் கிடைக்கிறது. ஆனால் பேனல் பொருத்தி, நெட் மீட்டர் வைத்து, ஆய்வும் முடிந்த பிறகுதான் விண்ணப்பித்தவரின் வங்கிக் கணக்குக்கு அது வரும். மீதிச் செலவு நம்முடையது. ஆகவே 'ஒரு பைசா செலவில்லை' என்று பேச்சைத் தொடங்குகிறவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

திட்டத்தின் தேசிய இணையதளத்தில் பதிவு பெற்ற நிறுவனங்களில் ஒன்றை நாமேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். இந்த உரிமை நமக்கு இருப்பதே பலருக்குத் தெரியவில்லை. ஊருக்குள் வருகிறவர் பெரும்பாலும் கமிஷனுக்கு ஆள் பிடிப்பவர். ரசீதும் ஒப்பந்தமும் எந்த நிறுவனத்தின் பெயரில் தரப்படும் என்று அவரிடம் கேளுங்கள். அந்தப் பெயர் பட்டியலில் இருக்கிறதா என்று இ-சேவை மையத்திலேயே பார்த்துவிடலாம்.

பட்டியலில் பெயர் இருந்துவிட்டால் மட்டும் போதாது. மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன் அவர் போட்டுக் கொடுத்த இரண்டு வீடுகளின் முகவரியை வாங்கி, அவர் துணையில்லாமல் நேரில் போய்ப் பாருங்கள். புதிதாகப் போட்ட வீட்டில் எல்லாம் பளபளவென்றுதான் இருக்கும். பழைய வீட்டில்தான் துருப்பிடித்த கால்கள், ஒழுகும் தளம், இன்வெர்ட்டர் பழுதானபோது எத்தனை நாளில் ஆள் வந்தார் என்ற விவரம் எல்லாம் தெரியும். பேனலுக்கு 25 ஆண்டு உத்தரவாதம் என்பார்கள். அதைத் தருவது பேனல் கம்பெனி. இன்வெர்ட்டருக்கு உத்தரவாதக் காலம் அதைவிடக் குறைவு. பழுதும் அதில்தான் அதிகம் வரும். திட்ட விதிப்படி ஐந்து ஆண்டுப் பராமரிப்பு, பொருத்தியவரின் பொறுப்பு. அதை வாய்ப்பேச்சாக விடாமல் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள்.

நல்ல ஒப்பந்ததாரர் விலை சொல்வதற்கு முன் மின்கட்டண அட்டையைக் கேட்பார். நம் ஊர் வெயிலில் 1 கிலோவாட், சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். இரண்டு மாதத்துக்கு 240 யூனிட். இரண்டு மாதத்தில் 200 யூனிட்டே செலவாகும் வீட்டில், அதிலும் முதல் 100 யூனிட் ஏற்கெனவே இலவசமாக இருக்கும்போது, 3 கிலோவாட் எதற்கு? மானியம் அதிகம் என்பதற்காகப் பெரிதாகப் போட்டால், கைக்காசும் அதிகமாகத்தான் போகும். கணக்குப் பார்த்து 'உங்களுக்கு இவ்வளவு தேவையில்லை' என்று சொல்பவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள்.

கரண்ட் போனால் இது ஓடுமா என்றும் கேளுங்கள். பேட்டரி இல்லாத, மின்வாரிய லைனோடு இணைந்த சோலார், மின்தடையின்போது தானாகவே நின்றுவிடும். லைனில் வேலை செய்பவரின் உயிரைக் காக்கவே அந்த ஏற்பாடு. இதை மறைத்து விற்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல வெயில் அடிக்கும் மத்தியானத்தில் மின்விசிறி நிற்கும்போதுதான் வீட்டுக்காரருக்கு விஷயம் புரிகிறது.

விவசாயியின் மாடிக்கு வேறு ஒரு கணக்கும் உண்டு. மிளகாயும் கடலையும் காயப்போடுவது அங்கேதான். பேனலை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கிக் கட்டினால் கீழே இடம் மிஞ்சும். உயரக் கட்டினால் காற்றின் வேகமும் கூடும், இரும்பும் கனமாக வேண்டும். 2018 கஜா புயலைப் பார்த்த நாகை, திருவாரூர், தஞ்சை, புதுக்கோட்டைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. துத்தநாகப் பூச்சு உள்ள இரும்பா, தளத்தைத் துளைத்தால் ஒழுகாமல் அடைப்பது யார், இடிதாங்கிக்குத் தனி எர்த் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். தென்னை நிழல் ஒரே ஒரு பேனலில் விழுந்தாலும் அதோடு சேர்ந்த மற்ற பேனல்களின் உற்பத்தியும் குறையக்கூடும். மாடிக்கு ஏறிப் பார்க்காமலே விலை சொல்கிறவருக்கு இவை எதுவும் தெரிய வாய்ப்பில்லை.

நம் கிராமங்களில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. மின் இணைப்பு இறந்துபோன அப்பா, தாத்தா பெயரிலேயே கிடக்கும். முதலில் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் பெயர் மாற்றத்தை முடித்துவிடுங்கள். 'அதெல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன்' என்று சொல்பவரிடம் ஆதாரையும் ஓடிபி எண்ணையும் ஒப்படைத்துவிட்டு உட்காராதீர்கள்.

வட்டார வேளாண்மை அலுவலர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டு சோலார் உங்கள் துறைத் திட்டம் இல்லைதான். மோட்டாருக்கான சூரிய சக்தி பம்புசெட் மட்டுமே வேளாண்மைப் பொறியியல் துறை வழியாக வருகிறது. இருந்தாலும் விவசாயி உங்களிடம்தான் வந்து கேட்கிறார். உங்கள் வட்டாரத்தில் சோலார் போட்டு மூன்றாண்டு ஆன வீட்டுக்காரர்கள் நான்கு பேரை அடுத்த விவசாயிகள் கூட்டத்துக்கு அழைத்துப் பேசச் சொல்லுங்கள். எந்த விளம்பரத் தாளும் அதற்கு ஈடாகாது.

பணத்தை ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். வேலை உத்தரவின்போது ஒரு பங்கு, சாமான் வந்து பேனலின் வரிசை எண்களைச் சரிபார்த்த பிறகு ஒரு பங்கு என்று பிரித்துக் கொடுங்கள். உள்நாட்டுச் செல்லில் செய்த பேனலுக்கு மட்டுமே மானியம் என்பதால் அந்தச் சரிபார்ப்பு அவசியம். வங்கிக் கடனில் போடுபவர்களும் எந்தக் கட்டத்தில் எவ்வளவு விடுவிக்கப்படும் என்பதை மேலாளரிடம் முதலிலேயே கேட்டுவிட வேண்டும். கடைசிப் பங்கு, நெட் மீட்டர் பொருத்தி அது ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான்.