சாய்ந்த சுவருக்குச் சொந்தக்காரர் யார்?

துருக்கி நாட்டின் இஸ்மித் நகரைப் பற்றி நம் மேடைகளில் பேச்செழும்போதெல்லாம் ஒரே ஒரு செய்திதான் சொல்லப்படுகிறது. 1999ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17ஆம் நாள் பின்னிரவு 3 மணி 2 நிமிடத்தில் அங்கே பூமி அதிர்ந்தது. ஒரு நிமிடத்திற்கும் குறைந்த நேரத்தில் வீடுகள் மண்ணோடு மண்ணாயின. அரசுக் கணக்குப்படியே 17,000 பேருக்கு மேல் மாண்டனர். இவ்வளவையும் சொல்லிவிட்டுப் பேச்சாளர் குரலை உயர்த்துவார்: "கிலாஃபத்தை ஒழித்தார்கள், பாங்கொலியின் மொழியை மாற்றினார்கள், கடற்கரையில் களியாட்டம் போட்டார்கள், அல்லாஹ் பிடித்தான்!" கூட்டத்தினர் "சுப்ஹானல்லாஹ்" என்று தலையசைத்துக் கலைவர்.

மதரஸாவில் ஃபிக்ஹு ஓதிக்கொடுப்பதையே தொழிலாகக் கொண்டவன் நான். இப்பேச்சைக் கேட்டு வாளாவிருக்க என்னால் இயலவில்லை. இஸ்லாத்தின் பெயரால் பேசப்படுவதாலேயே இதனை மறுக்க வேண்டிய கடமை நமக்கு இருக்கிறது. இப்பேச்சில் வரலாறும் இல்லை, மார்க்கமும் இல்லை. இவற்றினும் பெரிய கேடு ஒன்று உண்டு: குற்றவாளியைத் தப்பவிட்டு, கொல்லப்பட்டவன் மீது இது குற்றம் சாற்றுகிறது.

முதலில் அந்நகரின் வரலாற்றைப் பார்ப்போம். மர்மராக் கடலின் கிழக்குக் கோடியில், நீண்டு ஒடுங்கிய வளைகுடாவின் முனையில் அமைந்தது இஸ்மித். கி.மு. 264இல் பித்தினிய நாட்டு மன்னன் நிகோமெதிஸ் கட்டிய நிகோமெதியாதான் அது. கி.பி. 286 முதல் ரோமச் சக்கரவர்த்தி தயோகிளீஷியன் தன் தலைநகராக அதனையே கொண்டான். கான்ஸ்டாண்டிநோபிளுக்கு முன்னர் கீழை ரோமத்தின் சிம்மாசனம் இருந்த ஊர் அது. 358ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் வந்த நிலநடுக்கம் அம்மாநகரைத் தரைமட்டமாக்கியது. முன்பு அங்கே ஆசிரியராயிருந்த லிபானியஸ் என்ற கிரேக்கப் பேரறிஞர் அந்நகருக்காக ஓர் இரங்கலுரையே எழுதி வைத்தார். அன்று கிலாஃபத்து ஏது? பாங்கொலி ஏது? பெருமானார் (ஸல்) அவர்கள் பிறப்பதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் முந்திய நிகழ்ச்சி அது.

1337 அளவில் உதுமானிய சுல்தான் ஒர்ஹான் காலத்தில் அந்நகர் முஸ்லிம்களின் கைக்கு வந்தது. அப்பகுதியை வென்ற தளபதி அக்சா கோஜாவின் பெயராலேயே அம்மாகாணம் இன்றும் 'கோஜாஎலி' என வழங்குகிறது. 1579இல் கட்டி முடிக்கப்பட்ட, மிஃமார் சினானின் கைவண்ணமான பெர்தவ் பாஷா பள்ளிவாசல் இன்றும் அங்கே நிற்கிறது. கிலாஃபத்து நடப்பில் இருந்த 1719ஆம் ஆண்டிலும் இஸ்மித் ஒரு பெரும் நிலநடுக்கத்தால் சிதைந்தது. அப்போது ஆண்டவர் கலீஃபா. ஒலித்தது அரபிப் பாங்கு. நம் பேச்சாளர்கள் இதற்கு என்ன காரணம் சொல்வார்கள்?

உண்மை இதுதான். வட அனத்தோலியப் பிளவு எனப்படும் நிலப்பிளவு அந்நகரின் காலடியில் ஓடுகிறது. அப்பிளவை அங்கே வைத்தவன் அல்லாஹ். அதன்மேல் எத்தகைய வீட்டைக் கட்டுவது என்பதை மனிதனின் அறிவுக்கும் அமானிதத்திற்கும் அவன் விட்டிருக்கிறான். கணக்கு அங்கேதான் கேட்கப்படும்.

இனி, இக்கால இஸ்மித்தின் கதை. 1936இல் துருக்கிக் குடியரசின் முதல் காகித ஆலை அங்கே ஓடத் தொடங்கியது. 1961இல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது. டயர், இரசாயனம், மோட்டார் வண்டி எனத் தொழிற்சாலைகள் கரை நெடுகப் பெருகின. பயிர் பொய்த்த அனத்தோலியக் கிராமங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மக்கள் வந்து குவிந்தனர். 1960இல் ஏறத்தாழ 3 இலட்சமாயிருந்த மாகாண மக்கள்தொகை, 2000இல் 12 இலட்சத்தைத் தாண்டியது. இன்று 20 இலட்சத்திற்கும் மேல். வந்தவர்களுக்கு வீடு வேண்டும், உடனே வேண்டும், மலிவாக வேண்டும். இத்தேவையை முதலாக்கிப் பணம் பண்ணக் கட்டட ஒப்பந்தக்காரர்கள் வந்தார்கள்.

அவர்கள் கட்டியவை ஐந்து மாடி, ஆறு மாடி, ஏழு மாடி. கீழே வளைகுடாக் கரையின் இளகிய வண்டல் மண். கடற்கரை மணலைச் சரியாகக் கழுவாமலே காரையில் கலந்தனர். இடிந்த தூண்களுக்குள்ளே கிளிஞ்சல் ஓடுகள் தெரிந்ததை மீட்புப் பணிக்குச் சென்றோர் கண்டனர். தூணின் நெடுங்கம்பிகளைச் சுற்றிக் கட்ட வேண்டிய வளையக் கம்பிகளைக் குறைத்தனர். கடை வைப்பதற்காகக் கீழ்த்தளத்துச் சுவர்களை எடுத்துவிட்டனர். சட்டம் இல்லாமற் போயிற்றா? நிலநடுக்கத்தைத் தாங்கும் கட்டட விதிகள் 1975இலேயே இருந்தன. 1998இல் இன்னும் கடுமையாக்கப்பட்டன. விதி தாளில் இருந்தது, தூணில் இல்லை. ஒரே தெருவில் ஒரு வீடு நொறுங்க, அடுத்த வீடு நின்றது. நின்ற வீட்டில் இருந்தோர் அனைவரும் இறைநேசர்கள், நொறுங்கிய வீட்டில் இருந்தோர் அனைவரும் பாவிகள் என்று எந்த ஆலிம் ஃபத்வா கொடுப்பார்?

பேச்சாளர்கள் திருமறையின் சான்றுகளைக் காட்டுவார்கள். ஆது, ஸமூது, மத்யன் கூட்டத்தாரின் அழிவை எடுத்தோதுவார்கள். அவற்றை நாம் முழுமையாக நம்புகிறோம். ஆனால் இன்ன கூட்டத்தார் இன்ன பாவத்திற்காக அழிக்கப்பட்டனர் என்பதை நபிமார்கள் வஹீயினால் அறிவித்தார்கள். வஹீயின் வாயில் அடைபட்ட பின்னர், இந்த நடுக்கம் இந்தப் பாவத்திற்காக என்று அறுதியிட்டுச் சொல்லும் அதிகாரத்தை இவர்களுக்கு யார் தந்தார்? பெருமானாரின் (ஸல்) மகனார் இப்ராஹீம் மறைந்த நாளில் சூரிய கிரகணம் பிடித்தது. குழந்தையின் மரணத்தால்தான் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டனர். யாருடைய மரணத்திற்காகவும் வாழ்வுக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று மறுத்துரைத்தார்கள் அண்ணலார். தம் மகனுக்குப் பெருமை சேர்க்கும் பேச்சையே அவர்கள் ஏற்கவில்லை!

மத்யன் கூட்டத்தாரைக் காட்டுவோர் இன்னொன்றையும் நினைவில் கொள்ளட்டும். நிலநடுக்கத்தால் பிடிக்கப்பட்ட அக்கூட்டத்தாரிடம் நபி ஷுஐப் (அலை) அவர்கள் கண்டித்துக் கண்டித்துச் சொன்ன குற்றம் எது? அளவிலும் நிறுவையிலும் செய்த மோசடி! அளவில் குறைப்போரின் பெயராலேயே திருமறையில் ஓர் அத்தியாயமும் இருக்கிறது. சிமெண்டில் குறைத்தவனும் கம்பியில் குறைத்தவனும் அந்த அத்தியாயத்திற்கு வெளியே நிற்கிறானா? இஸ்மித்தின் பாவத்தை மாதரின் உடையில் தேடும் கண்களுக்குத் தூணுக்குள் கிடந்த கிளிஞ்சல் தெரியாமற் போனதேன்?

மதீனாவில் பூமி அதிர்ந்தபோது, நீங்கள் செய்த புதுமையால் வந்தது என்று உமர் (ரலி) அவர்கள் சொல்லவில்லையா எனச் சிலர் கேட்பர். சொன்னதாக அறிவிப்பு உண்டு. ஆனால் யாரிடம் சொன்னார்கள்? தம் ஊராரிடம், தம் ஆட்சிக்குட்பட்ட உயிரோடிருந்தோரிடம். தொலைவிலுள்ள ஒரு நகரின் சடலங்களைச் சுட்டி அவர்கள் பேசவில்லை. நடுக்கம் கேட்டவன் தன்னைத் தான் கணக்குப் பார்க்க வேண்டும் என்பதே அதன் படிப்பினை. நம்மவரோ அடுத்தவன் கணக்கைத் திறக்கிறார்கள்.

மாண்டவர்களைப் பற்றி மார்க்கம் சொல்வதுதான் என்ன? இடிபாட்டில் சிக்கி இறந்தவர் ஷஹீத் என்பது ஸஹீஹான ஹதீஸ். உறக்கத்திலேயே கூரை விழுந்து மாண்ட ஆலைத் தொழிலாளியும் அவன் பிள்ளைகளும் அந்த ஹதீஸின் நிழலில் இருக்கிறார்கள். ஷஹீத்களை நோக்கி விரல் நீட்டுகிறோம் என்ற அச்சம் மிம்பரில் ஏறுவோர்க்கு வேண்டாமா?

இப்போது நம் ஃபிக்ஹு கலைக்கு வருவோம். ஹனஃபி மத்ஹபின் பெருநூலாகிய 'ஹிதாயா'வில், உயிரீட்டைப் பற்றிய பகுதியில், சாய்ந்த சுவரைக் குறித்து ஒரு தனிப் பிரிவே உண்டு. ஒருவனுடைய சுவர் தெருப்பக்கம் சாய்ந்திருக்கிறது. அதை இடித்துவிடுமாறு சாட்சிகள் வைத்து அவனிடம் கோரப்படுகிறது. இடிக்க இயன்ற அவகாசம் இருந்தும் அவன் இடிக்கவில்லை. சுவர் விழுந்து ஓர் உயிர் போகிறது. அவ்வுயிருக்கு ஈடு உண்டு. கோருபவர் முஸ்லிமாயினும் திம்மியாயினும் ஒன்றே. ஏனெனில் தெருவில் நடக்கும் உரிமை எல்லார்க்கும் பொது. கட்டும்போதே சாய்வாகக் கட்டியவனாயின், எச்சரிக்கையும் தேவையில்லை. அவன் தொடக்கத்திலேயே பொறுப்பாளி. எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் இமாம் மர்கினானீ (ரஹ்) எழுதி வைத்தது இது. அல்லாஹ்வின் நாட்டத்தால் விழுந்தது என்று சொல்லிச் சுவரின் சொந்தக்காரனை அவர்கள் விட்டுவிடவில்லை. கத்ரின்மீது ஈமான் கொண்டவர்கள்தாம் இச்சட்டத்தையும் எழுதினார்கள்.

இஸ்மித்தின் சுவர்களுக்கு எச்சரிக்கை இருந்ததா? இருந்தது, சாட்சிகளோடு இருந்தது. 1939இல் எர்ஸின்ஜானில் தொடங்கி, அப்பிளவின் வழியே பெரும் நடுக்கங்கள் மேற்கு நோக்கி ஒன்றன்பின் ஒன்றாக நகர்ந்து வந்தன. துருக்கி அறிஞர் அய்குத் பர்காவும் அமெரிக்க ஆய்வாளர்கள் இருவரும் 1997இல் வெளியிட்ட ஆய்வில், ஆபத்து மிகுந்த இடங்களுள் ஒன்றாக இஸ்மித் பகுதியைப் பெயர் சொல்லியே சுட்டினார்கள். இரண்டே ஆண்டுகளில் அது நிகழ்ந்தது. அரசு அறியவில்லை என்று சொல்ல வழியில்லை.

பின்னர் என்ன நடந்தது? ஒப்பந்தக்காரர்கள் மீது ஏறத்தாழ 2,100 வழக்குகள் தொடுக்கப்பட்டன. 2000ஆம் ஆண்டுச் சலுகைச் சட்டம் ஒன்றினால் பெரும்பாலானவை தண்டனையின்றி முடிந்தன. எஞ்சியவற்றுள் பலவும் 2007இல் காலாவதியின் வாயிற்பட்டுப் போயின. அதே காலத்தில், நடுக்கம் இறைவனின் எச்சரிக்கை என்று அங்காராவில் பேசிய ஒரு பத்திரிகை அதிபரைச் சிறைக்கு அனுப்பியது துருக்கி அரசு. அவர் பேச்சுரிமை மீறப்பட்டதென 2008இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவர் கருத்து எனக்கு உடன்பாடன்று. அவரைச் சிறையிட்டதும் உடன்பாடன்று. சொல்லால் பிழைத்தவன் சிறையில். கல்லால் கொன்றவன் வெளியில். இது எந்த நாட்டு நீதி?

மதச்சார்பின்மை பேசியோரை மட்டும் சாடிவிட்டு ஓய்வதும் நேர்மையாகாது. 2002க்குப் பின் ஆட்சிக்கு வந்தவர்கள் பள்ளியில் முன்வரிசையில் நிற்பவர்கள்; அவர்களைத்தான் நம்மவர் மேடைதோறும் புகழ்கிறார்கள். விதிமீறிய கட்டடங்களுக்குக் கட்டணம் பெற்றுக்கொண்டு பதிவுச் சான்று வழங்கும் 'கட்டடச் சமாதான'ச் சட்டத்தை 2018இல் கொண்டுவந்தவர்கள் அவர்களே. 2023ஆம் ஆண்டு பிப்ரவரி 6ஆம் நாள் தென்கிழக்கில் பூமி அதிர்ந்தது. துருக்கியில் மட்டும் 50,000 பேருக்கு மேல் மாண்டனர். இஸ்மித்தைப் போலவே ஆலைகள் நிறைந்த துறைமுக நகரான இஸ்கந்தரூனும் அந்த அழிவில் சிக்கியது. இம்முறை யாருடைய பாவம் என்று சொல்வார்கள் நம் பேச்சாளர்கள்? சாய்ந்த சுவர் தன் சொந்தக்காரன் தொழுகையாளியா அல்லவா என்று கேட்டு விழுவதில்லை.

இன்று இஸ்மித்தில் பழைய காகித ஆலை அருங்காட்சியகமாகிவிட்டது. அதன் வளாகம் பூங்காவாக விரிந்து கிடக்கிறது. வளைகுடாவின் குறுக்கே 2016இல் திறக்கப்பட்ட பெரும்பாலம் நிற்கிறது. ஆலைகள் இரவும் பகலும் ஓடுகின்றன. மாடி வீடுகளில் இலட்சக்கணக்கானோர் உறங்கி எழுகின்றனர். அந்தப் பிளவும் அங்கேயே இருக்கிறது. அம்மக்களுக்குத் தேவையானது நம் மேடைகளின் சாபமன்று; தூணைத் தட்டிப் பார்க்கும் நேர்மையான அதிகாரி ஒருவர். முற்கால இஸ்லாமிய நகரங்களில் அவருக்கு முஹ்தஸிப் என்று பெயர்.

ஆகவே, இதனை வாசிக்கும் அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை யாரேனும் இஸ்மித்தின் பிணங்களைக் காட்டி உங்களை அச்சுறுத்தினால், கலைந்து செல்லாமல் எழுந்து நின்று அடக்கத்துடன் கேளுங்கள்: "ஹஜ்ரத், அந்தச் சுவருக்குச் சொந்தக்காரர் யார்?"

இடிபாடுகளில் மாண்ட அனைவரின் கப்ருகளையும் வல்ல நாயன் ஒளியாக்குவானாக! அளவைக் குறைத்தோரின் கணக்கு அவனிடத்தில் குறையாமல் இருக்கிறது.